ரியோ விதியும் ஒரு ஹவ்வும்

போன மாதம் செகந்திராபாத்துக்குப் பக்கத்து உப்பலில் புதிய கால்பந்து நடுவர்களுக்கு ஒரு நாள் வகுப்பு நடந்தது. காலையில் எல்லோருடைய காதிலும் ஒரு சின்னக் கருவியை மாட்டினார்கள். நடுவரும் இரண்டு பக்கத்து உதவி நடுவர்களும் மைதானத்தின் எந்த மூலையில் நின்றாலும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளலாமாம். என்னையும் அழைத்திருந்தார்கள். முப்பத்தொரு வருடம் கோட்டோரமாகக் கொடியோடு ஓடியவன் என்பதால் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று ஏற்பாடு.

குகட்பள்ளியிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ்க்காரர், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, வார இறுதியில் நடுவர் பயிற்சி, கையைத் தூக்கிக் கேட்டார். "சார், இதெல்லாம் இல்லாத காலத்துல நீங்க எப்படி சார் பேசிக்குவீங்க?"

"பேசிக்க மாட்டோம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் தமாஷாகச் சொன்னேன் என்று எடுத்துக்கொண்டார்கள். எங்கள் வேலையின் முதல் விதியே அதுதான். அதை நான் ஒரே ஒரு தடவை மீறினேன், அதுவும் ஒரே ஒரு வார்த்தையால். வகுப்பில் அதைச் சொல்ல நேரமில்லை. உண்மையில் நேரம் இருந்தது, எனக்குத்தான் மனமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பிழைப்புக்கு நான் செய்தது சனத்நகரில் ஒரு மெஷின் பட்டறையில் ஃபிட்டர் வேலை. ஓய்வு பெற்ற அன்று சால்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். அளவு சரியாக இருந்தால் ஃபிட்டரைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், தப்பினால் எல்லோரும் பேசுவார்கள். லைன்ஸ்மேன் வேலையும் அதேதான். அப்போது எங்களுக்கு அதுதான் பெயர். உதவி நடுவர் என்ற மரியாதையெல்லாம் பின்னால் வந்தது.

என் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து செகந்திராபாத் வந்தவர். கோயிலில், அதாவது சர்ச்சில், எங்களுக்கு வேதாகமத் தமிழ், வீட்டில் வேறொரு தமிழ். "சாப்பிட்டியா?" என்று அம்மா கேட்டால் "ஹவ்" என்போம். ஆமாம் என்று அர்த்தம். வேண்டாம் என்றால் நக்கோ, ஏன் என்றால் கைக்கு. இவையெல்லாம் இந்த ஊர் உருதுவிலிருந்து வந்து எங்கள் அடுப்படியில் உட்கார்ந்துகொண்ட சொற்கள். வெளியாரோடு இங்கிலீஷில் பேசினால் ஒழுங்காக 'யெஸ்' என்றுதான் சொல்வேன். யாராவது தமிழில் கேட்டுவிட்டால் மட்டும் வாயில் வீட்டுத் தமிழ் வந்துவிடும். பள்ளிக்கூடம் முடிக்கும்வரை ஹவ் சுத்தத் தமிழ் என்றே நினைத்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பந்து ஆடும் அளவுக்குக் காலில் வேகமில்லை என்று இருபத்திரண்டு வயதில் தெரிந்துபோயிற்று. ஆட்டத்தை விடவும் மனமில்லை. நடுவர் தேர்வு எழுதினேன், இரண்டாவது தடவை தேறினேன். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் காதர் சாபின் கீழே.

காதர் சாப் எங்கள் தொழிற்சாலை லீக்கின் நடுவர் பொறுப்பாளர். பகலில் பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார். ஒல்லியான உடம்பு, இஸ்திரி போட்ட வெள்ளைக் கால்சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நன்றாகச் செய்தாய் என்று யாரிடமும் சொன்னதுமில்லை. ஆட்டம் ஒழுங்காக நடந்தால் "மேட்ச் முடிஞ்சுது" என்பார், அதுதான் பாராட்டு. அவர் பேசியது உருது. நான் இங்கே தமிழில்தான் தருகிறேன். நக்கோவையும் கைக்குவையும் மட்டும் அப்படியே விட்டுவைக்கிறேன், அவர் சொன்ன நக்கோவுக்கு ஈடாக 'வேண்டாம்' போதாது.

கொடியைப் பிடிக்க மட்டும் எனக்கு ஒரு மாதம் கற்றுக்கொடுத்தார். கொடி எப்போதும் மைதானத்துப் பக்கத்துக் கையில் இருக்க வேண்டும், நடுவர் திரும்பினால் கண்ணில் பட வேண்டும். ஓடும் திசை மாறினால் கையையும் மாற்ற வேண்டும். தலைக்கு மேலே மாற்றினால் ஆஃப்சைடு என்று பாதிக் கூட்டம் கத்தும், ஆகையால் இடுப்புக்குக் கீழே மாற்ற வேண்டும். ஆளில்லாத மைதானத்தில், ஆட்டமே இல்லாமல், முக்கால் மணி நேரம் என்னை இப்படி மேலும் கீழும் ஓடவிட்டார். அந்தப் பக்கமாகப் போன எருமைக்காரர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

கோலுக்கு ஒரு விதி. பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டினால் கொடியைத் தாழ்த்திக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி ஓட வேண்டும். தாண்டவில்லை என்றால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். ஓடினால் கோல், நின்றால் கோல் இல்லை. நடுவர் திரும்பிப் பார்த்தால் போதும், கேள்வியே தேவையில்லை.

"பேச்சு நக்கோ" என்பார் காதர் சாப். "இந்த மைதானத்தில ஆறு பாஷை இருக்கு. கொடிக்கு ஒரே பாஷை."

இன்னொரு நக்கோவும் இருந்தது. தீர்ப்பைப் பற்றி ஆட்டக்காரர்களிடம் பேசக் கூடாது. அன்றைக்கும் கூடாது, அதற்கப்புறம் எப்போதும் கூடாது. சொல்ல வேண்டியதை ரிப்போர்ட்டில் எழுது, அது லீக் கமிட்டிக்குப் போகட்டும். இந்த இரண்டாவது நக்கோவைத்தான் நான் ரொம்ப ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

இனி ரியோ. காதர் சாபுக்கு ஒரே ஒரு கதைதான் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பதில் தென்னமெரிக்க நாடுகளுக்குள் நடந்த போட்டியின் கதை அது. பழைய பத்திரிகை ஒன்றில் படித்தாராம். பிரேசிலும் உருகுவேயும் சமமான புள்ளிகளில் வந்து நின்றன. சில நாள் முன்னால்தான் இரண்டும் மோதி ஆளுக்கு இரண்டு கோல் என்று முடிந்திருந்தது. அதனால் ரியோ நகரத்தில் ஒரு தீர்மான ஆட்டம் வைத்தார்கள். தொண்ணூறு நிமிடம், கோல் இல்லை. முப்பது நிமிடம் கூடுதல், அதிலும் இல்லை. நாணயம் சுண்டவில்லை, பெனால்டி அடிக்கவில்லை, இன்னும் முப்பது நிமிடம் ஆடச் சொன்னார்கள். அந்தக் கடைசி முப்பதின் தொடக்கத்தில் பிரேசில் ஒரு கோல் போட்டது. மொத்தம் நூற்றைம்பது நிமிடம். சமீபத்தில் போனில் தேடிப் பார்த்தேன், வாத்தியார் சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

"கோல் போட்டவனோட பூட்ஸ நகைக்கடை ஜன்னல்ல வெச்சாங்களாம்" என்று முடிப்பார். "நடுவர் மூணாவது நாட்டுக்காரர், அர்ஜென்டினா. ஒரு டீமுக்குப் போர்ச்சுகீஸ், இன்னொண்ணுக்கு ஸ்பானிஷ். நூத்தைம்பது நிமிஷம் லைன்ஸ்மேன் ரெண்டு பேரும் ஓடியிருப்பாங்க. அவங்க கொடிய எந்தக் கடையில வெச்சாங்க?"

உலகமெல்லாம் பெனால்டி அடித்து முடித்துக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் லீக்கின் விதிப் புத்தகத்தில் அவர் இதை எழுதி வைத்துவிட்டார். முதலிடத்தில் இரண்டு அணி சமமாக நின்றால் ஒரு தீர்மான ஆட்டம். அதில் கோல் இல்லை என்றால் முப்பது, அதற்குமேல் இன்னொரு முப்பது. நடுவர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். நாங்கள் இதை ரியோ விதி என்போம். பிறகு எது இழுத்துக்கொண்டு போனாலும், கல்யாணப் பேச்சானாலும் ரேஷன் வரிசையானாலும், "ரியோ ஆயிடுச்சு" என்பது எங்கள் வட்டாரத்தில் வழக்கமாகிவிட்டது. வெகு காலத்துக்கு அந்த விதி புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முப்பத்து நாலு வயதானபோது எழுந்தது.

அந்த வருடம் உப்பலில் ஒரு தொழிற்சாலையின் அணியும் மௌலா அலி காலனி அணியும் சமப் புள்ளியில் நின்றன. உப்பல் அணியின் முன்கள ஆட்டக்காரன் யாதகிரி. இருபத்து நாலு வயது, அந்தத் தொழிற்சாலையில் தினக்கூலி. கோப்பையை ஜெயித்து வந்தால் அணியில் இருக்கும் மூன்று தினக்கூலிகளையும் நிரந்தரமாக்குவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. லைன்ஸ்மேனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கக் கூடாது. ஆனால் கோட்டோரம் நின்ற அத்தனை பேரும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள், எனக்குக் காது இருந்தது.

நடுவராகக் கோயம்புத்தூரிலிருந்து கனகராஜ் வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், கறுப்புச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. ஆட்டத்துக்கு முன்னால் காதர் சாப் எங்கள் மூவரையும் உட்கார வைத்து, கடிகாரங்களைச் சரிபார்த்து, விசில் இரண்டையும் தண்ணீரில் நனைத்து ஊதிப் பார்த்தார். பேச்செல்லாம் இங்கிலீஷில் நடந்தது. கனகராஜும் நானும் இருவருமே தமிழர் என்று தெரிந்தும் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. உத்தியோக நேரம் என்ற நினைப்புதான்.

டிசம்பர் மாதம், மதியம் இரண்டரை மணிக்கு ஆரம்பம். தொண்ணூறு நிமிடத்தில் கோல் விழவில்லை. கூட்டத்தில் ஒருவர் "ரியோ!" என்று கத்தினார், எல்லோரும் கைதட்டினார்கள். முதல் முப்பதும் அப்படியே போயிற்று. ஆட்டக்காரர்கள் ஓடுவதை விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தார்கள். லைன்ஸ்மேன் நடக்க முடியாது. கடைசித் தடுப்பாளர் நிற்கும் நேருக்கு அவன் எப்போதும் இருக்க வேண்டும், அதனால் இருபத்திரண்டு பேர் களைத்த பிறகும் நாங்கள் இரண்டு பேர் ஓடிக்கொண்டிருந்தோம். காதர் சாப் தன் கதையில் ஏன் லைன்ஸ்மேனைத் தேடினார் என்று அன்றைக்கு எனக்குக் காலில் புரிந்தது.

இரண்டாவது முப்பதில் எட்டு நிமிடம் போயிருக்கும். உப்பல் அணி என் பக்கத்தில் தாக்கிக்கொண்டிருந்தது. யாதகிரி கோலுக்கு முதுகு காட்டிப் பந்தை வாங்கி, உடம்போடு திரும்பி அடித்தான். அடித்த வேகத்தில் தடுப்பாளர் அவன்மேல் விழ, முகம் மண்ணில் பட இருவரும் சரிந்தார்கள். பந்து மேல் கம்பத்தின் அடியில் பட்டு, நேராகக் கீழே இறங்கி, தரையில் குத்தி வெளியே வந்தது. கோல்கீப்பர் அதை அப்படியே கட்டிக்கொண்டார்.

குத்திய இடம் கோட்டுக்கு உள்ளே. பந்துக்கும் சுண்ணாம்புக் கோட்டுக்கும் நடுவில் ஒரு சாண் மண் தெரிந்தது. நான் கோட்டுக்கு நேராக நின்றிருந்தேன், எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

கொடியைத் தாழ்த்தினேன். நடுக்கோட்டைப் பார்த்துத் திரும்பினேன். முதல் காலை எடுத்து வைத்ததும் வலது கெண்டைக்கால் சதை சுருட்டிப் பிடித்துக்கொண்டது. அடுத்த காலை எடுக்க முடியவில்லை. அப்படியே நின்றேன்.

அதற்குள் கோல் முன்னால் தள்ளுமுள்ளு. கனகராஜ் விசில் அடித்து ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னிடம் ஓடிவந்தார். அவருக்கும் மூச்சு வாங்கியது. இரண்டே கால் மணி நேரம் இங்கிலீஷில் உத்தியோகம் பார்த்த மனிதர், களைப்பில் தன் ஊர்த் தமிழுக்கு இறங்கிவிட்டார்.

"பந்து உள்ள போச்சுங்களா?"

கேட்டது தமிழில். என் வாயில் வந்தது எங்கள் வீட்டுத் தமிழ். "ஹவ்… ஹவ்?" என்றேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் இரண்டாவது ஹவ் கேள்வி மாதிரி மேலே ஏறிவிட்டது.

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு நகராமல் நின்ற என் கால்களைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார். ஒப்புக்கொண்டார் என்று நினைத்துக் குனிந்து காலைத் தேய்த்தேன். நிமிர்ந்தபோது கோல் முன்னால் பந்தைக் கையிலிருந்து கீழே விட்டு ஆட்டத்தைத் தொடங்கிக்கொண்டிருந்தார். கோல் இல்லை. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் தீர்ப்பை மாற்ற முடியாது, அதுவும் விதி. அவர் கைப்பிழையோ தள்ளுதலோ பார்த்திருப்பார், நடுவருக்குத் தெரியாததா என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கால் சற்றுத் தளர்ந்ததும் நொண்டிக்கொண்டே ஓடினேன். கடைசிக் கால்மணி நேரத்தில் ஒரு கார்னரில் மௌலா அலி அணி கோல் போட்டு ஜெயித்தது.

ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தோம். கனகராஜ் பக்கெட் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, கோபம் இல்லாமல்தான் கேட்டார்.

"ஏனுங்க எட்வின், உள்ள போச்சான்னு நானு கேட்டா, நீங்க என்னையவே எப்படி எப்படின்னு திருப்பிக் கேக்கறீங்க? பாக்கலீன்னா பாக்கலீன்னு சொல்லியிருக்கலாமுங்க."

"நான் எங்க சார் கேட்டேன்? ஹவ்னுதான் சொன்னேன்."

"அதத்தானுங்க நானுஞ் சொல்றேன். ஹவ்வுன்னு இங்கிலீஷுல கேட்டீங்க."

"சார், ஹவ்னா ஆமான்னு அர்த்தம்."

"எந்த ஊர்லீங்க?"

"எங்க வீட்டுல" என்றேன்.

அவர் பக்கெட்டிலிருந்து காலை எடுத்துத் துடைத்துக்கொண்டார். வாசலில் காதர் சாப் நின்றிருந்தார், எப்போது வந்தார் என்று தெரியாது. எங்கள் தமிழில் பாதி அவருக்கு விளங்காது, ஆனால் ஹவ் அவருடைய பாஷை. அந்த ஒரு சொல்லிலேயே நடந்தது முழுதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"கைக்கு ஓடல?" என்று என்னைக் கேட்டார்.

"கால் பிடிச்சுக்கிச்சு சாப்."

"தவழ்ந்திருக்கலாம்" என்றார்.

அந்தச் சொல்லுக்கு எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. நூற்றைம்பது நிமிடம் ஓடவைத்தது அவருடைய விதி. ஆனால் அவர் சொன்னது சரி. கொடி என் கையில் இருந்தது, முழங்காலில் நாலடி நகர்ந்திருந்தால்கூட கனகராஜுக்குப் புரிந்திருக்கும்.

அங்கேயே கார்பன் வைத்து மூன்று பிரதி ரிப்போர்ட் எழுதினேன். முதலில் 'மொழி காரணமாக ஏற்பட்ட தவறான புரிதல்' என்று இங்கிலீஷில் அழகாக எழுதினேன். காதர் சாப் படித்துவிட்டுக் கிழித்தார். "இது நக்கோ. யாரோ ரெண்டு தேசத்துக்குள்ள நடந்த மாதிரி இருக்கு. நீ என்ன சொன்னே, என்ன செய்யல, அத எழுது." மறுபடி எழுதினேன். பந்து கோட்டைத் தாண்டியது. நான் ஓடவில்லை. நடுவர் தமிழில் கேட்டார். நான் ஹவ் என்றேன். அவ்வளவுதான், நாலு வரி. முப்பத்தொரு வருடத்தில் நான் எழுதிய நல்ல ரிப்போர்ட் அது ஒன்றுதான்.

வெளியே வந்தோம். யாதகிரி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான், பூட்ஸைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தான். யாரிடமோ இரவல் வாங்கியது போலிருக்கிறது, முனையில் துணி அடைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தான். தெலுங்கு கலந்த ஹிந்தியில் கேட்டான், சண்டைக்கு வந்தவன் போலவும் இல்லை. "சாப், நான் கீழே விழுந்துட்டேன், பார்க்கல. உள்ள போச்சா?"

காதர் சாப் லேசாகத் தலையை அசைத்தார். நக்கோ.

"ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

ரிப்போர்ட் கமிட்டிக்குப் போயிற்று. நடுவரின் தீர்ப்பே முடிவு, ஆட்ட முடிவில் மாற்றமில்லை என்று எழுதிக் கோப்பில் கட்டிவிட்டார்கள். எனக்கு ஒரு சீசன் தடை. ரியோ விதியைக் காதர் சாபே அடுத்த வருடம் புத்தகத்திலிருந்து எடுத்தார். அந்தக் கதையையும் அதற்குப் பிறகு சொல்லவில்லை. கனகராஜ் பொங்கலுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினார். 'ஹவ் ஆர் யூ என்று கேட்கப் பயமாக இருக்கிறது' என்று எழுதியிருந்தார். சிரித்தேன், அட்டையை வைத்திருக்கிறேன்.

யாதகிரி நிரந்தரமாகவில்லை. கோப்பை வரவில்லை, அதனால் நிர்வாகத்தின் வாக்கும் வரவில்லை. தொழிற்சாலை மூடும்வரை தினக்கூலியாகவே இருந்தான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். சில வருடம் கழித்து மௌலா அலி போகும் பேருந்தில் அவனைப் பார்த்தேன். கூட்டத்தில் என்னை அடையாளம் கண்டு, பக்கத்தில் வந்து நின்று, அதே கேள்வியைக் கேட்டான். நான் அதே பதிலைச் சொன்னேன். அந்த ரிப்போர்ட்டை அவன் கண்ணில் யாரும் காட்டப் போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். விதி என் பக்கம் இருந்தது. விதி பக்கத்தில் இருந்தால் ஒரு மனிதன் எவ்வளவு கோழையாக இருக்கலாம் என்பதை அந்தப் பேருந்தில் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன், அது என் நிறுத்தம் இல்லை.

காதர் சாப் இறந்து பல வருடம் ஆகிறது. அதற்குப் பிறகாவது யாதகிரியைத் தேடிப் போயிருக்கலாம். போகவில்லை. உப்பல் ஆட்டங்களுக்கு என் பெயரைப் போடாதபடி பார்த்துக்கொண்டேன்.

போன மாத வகுப்புக்கு வருவோம். மதியச் சாப்பாடு முடிந்து மைதானத்துக்குப் போனோம். ஒருவர் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு கோல் பக்கத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். நரைத்த தலை, மெலிந்த உடம்பு. புதிய நடுவர்களில் ஒருவர் "பார் அண்ணா, கொஞ்சம் நகருங்க" என்று தெலுங்கில் கூப்பிட்டார்.

அது என்ன பெயர் என்று அந்தக் குகட்பள்ளித் தமிழரிடம் கேட்டேன்.

"எல்லாரும் அப்படித்தான் சார் கூப்பிடறாங்க, பார் யாதகிரின்னு. நான் முதல்ல குடிப்பாரோன்னு நெனச்சேன். இல்லையாம். சின்ன வயசுல ஏதோ ஃபைனல்ல, ஜெயிக்க வேண்டிய கோல பார்ல அடிச்சிட்டாராம். மூணு பேருக்கு நிரந்தர வேலை போச்சாம்."

வேலை போனது எனக்குத் தெரியும். இந்தப் பெயர் தெரியாது. நான் நாலு வரி ரிப்போர்ட்டோடு நிம்மதியாக இருந்த காலமெல்லாம், அவரை ஊரே மேல் கம்பத்தில் அடித்தவன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அன்று விழுந்துகிடந்ததால் அது பொய் என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நான்.

அவர் வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். வணக்கம் வைத்தார். பிறகு கோல் கம்பத்தைத் திரும்பிப் பார்த்தார். இந்தத் தடவை கேட்கவில்லை. இரண்டு முறை கேட்டுப் பதில் கிடைக்காத கேள்வியை எத்தனை முறைதான் கேட்பார்.

பயிற்சிக்காகக் கொடுத்த கொடி என் கையில் இருந்தது. கோட்டோரமாகக் கோல் மூலைக்குப் போனேன், அன்றைக்கு நின்ற இடத்துக்கு. பந்து குத்திய இடத்தைக் கொடியால் காட்டினேன். கோட்டுக்கு உள்ளே, ஒரு சாண். பிறகு கொடியைத் தாழ்த்தி, மைதானத்துப் பக்கத்துக் கையில் பிடித்துக்கொண்டு, நடுக்கோட்டைப் பார்த்து ஓடினேன்.

அறுபத்தெட்டு வயதில் அதை ஓட்டம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். முழங்கால் கத்தியது. புதிய நடுவர்கள் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள், தாத்தாவுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்திருப்பார்கள். யாதகிரிக்கு மட்டும் புரிந்தது. அவர் ஆட்டக்காரர், அந்த ஓட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்.

நடுக்கோட்டில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவர் உள்ளங்கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். கையில் சுண்ணாம்பு இருந்ததால் எடுத்தபோது முகம் பாதி வெள்ளையாக இருந்தது. மெதுவாக நடந்து என்னிடம் வந்தார். நன்றி சொல்வார் என்று ஒரு நொடி நினைத்தேன், அந்த நினைப்புக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"உள்ளதான் போச்சு" என்றார்.

"ஹவ்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்தார். பிறகு ரொம்ப மரியாதையாக, குரலை உயர்த்தாமல், "அப்படின்னா இவ்வளவு வருஷம் கைக்கு சொல்லல, சாப்?" என்று கேட்டார்.

கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குக் கொடியில் ஒரு சைகையும் கிடையாது.